எல்லை தாண்டும் வழக்குகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில், ஒரே வட்டாரத்து அரசுகள் நீதித்துறைச் சீர்திருத்தத்திலும் எல்லை தாண்டிய சிவில் வழக்குகளிலும் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி எழுதியிருந்தேன். இவ்வளவு வறண்ட விஷயத்துக்குக் கடிதம் வருமா என்று ஆசிரியருக்கே சந்தேகம். வந்தன. அதில் பாதிக்கு மேல் சொந்தக் கதை: கணவர் ஒரு நாட்டில், குழந்தை இன்னொரு நாட்டில், தீர்ப்பு மூன்றாவது நாட்டில். வெளிநாட்டு நீதிமன்றங்களின் சம்மன்களும் வேண்டுகோள் கடிதங்களும் (ஒரு நாட்டு நீதிமன்றம் இன்னொரு நாட்டு நீதிமன்றத்திடம் உதவி கேட்டு எழுதுபவை) வந்து போகும் அரசுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கதைகள் எனக்குப் புதிதல்ல. அனுப்பியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நீதித்துறை அமைச்சர்கள் கூடுகிறார்கள், வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், அறிக்கை விடுகிறார்கள். கோர்ட் வாசலில் நிற்கும் எனக்கு அதனால் என்ன மேடம்?

படத்தாலும் அறிக்கையாலும் ஒன்றுமில்லை. அறிக்கைக்குப் பின்னால் ஓர் இணைப்பு இருக்கும். எந்த நாட்டில் எந்த அலுவலகம் வெளிநாட்டு வேண்டுகோள்களைப் பெறும், அங்கே யார் பொறுப்பு, எந்த மொழியில் அனுப்ப வேண்டும் என்ற பட்டியல். பத்திரிகைகள் அதைப் போடுவதில்லை. உங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் வழக்கின் எதிர்த்தரப்பு பக்கத்து நாட்டில் இருக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு இங்கிருந்து சம்மன் போக வேண்டும். பழைய முறையில் அது நீதிமன்றத்திலிருந்து நீதித்துறை அமைச்சகத்துக்குப் போகும். அங்கிருந்து வெளியுறவு அமைச்சகம், அப்புறம் தூதரகம். அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம் அதை வாங்கி, தன் நீதித்துறைக்கு அனுப்பி, அவர்கள் உள்ளூர் நீதிமன்றத்துக்கு அனுப்பி, அமீனா போய்க் கதவைத் தட்டுவார். ஆள் இல்லை என்றால் அதே படிகளில் திரும்பி இறங்கும். எங்கள் மேசைக்கு வந்து சேரும் உறைகளில் விசாரணைத் தேதி ஏற்கெனவே கடந்துபோயிருப்பது சர்வசாதாரணம். மொழிபெயர்ப்பு இணைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக முழுச் சுற்றும் சுற்றித் திரும்பியவையும் உண்டு. அந்த உறைக்குள் இருப்பது ஒருவருடைய விவாகரத்து, இன்னொருவருக்கு வர வேண்டிய பாக்கி. அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்தச் சுற்றை வெட்டத்தான் 'மைய அலுவலகம்' என்ற ஏற்பாடு. ஒவ்வொரு நாடும் ஓர் அலுவலகத்தைக் குறித்துக் கொடுக்கும். அந்த அலுவலகங்கள் தூதரகத்தை நடுவில் இழுக்காமல் தங்களுக்குள் நேராக எழுதிக்கொள்ளும். அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 1975-ல் பனாமாவில் போட்ட வேண்டுகோள் கடித ஒப்பந்தத்திலேயே இந்த வழி இருந்தது. 1979-ல் உருகுவேயின் தலைநகர் மான்டிவிடியோவில் ஒரு கூடுதல் நெறிமுறை போட்டு அதற்குப் படிவங்களும் கொடுத்தார்கள். அதே நாடுகளின் நீதித்துறை அமைச்சர்களும் அட்டர்னி ஜெனரல்களும் 1997 டிசம்பரில் போனஸ் அயர்ஸில் முதல்முறை கூடினார்கள். அதற்குப் பிறகு தொடர்ந்து கூடுகிறார்கள். பரஸ்பர சட்ட உதவி, குற்றவாளிகளை ஒப்படைத்தல், இணையக் குற்றம், சிறை நிர்வாகம் என்று தனித்தனிக் குழுக்கள் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழுக்களில் உட்காருபவர்கள் அமைச்சர்கள் இல்லை. என்னைப் போலக் கோப்பு பார்ப்பவர்கள். ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் அடுத்த கோப்பு சிக்கும்போது போனை எடுத்துக் கேட்டுவிடலாம். முகம் தெரியாத அலுவலகத்துக்கு நினைவூட்டல் கடிதம் மேல் கடிதம் எழுதிய எனக்கு அதன் அருமை தெரியும்.

2019-ல் கொலம்பியாவின் மெடெயின் நகரில் ஐபீரிய-அமெரிக்க நாடுகள் (ஸ்பெயின், போர்ச்சுகல், லத்தீன் அமெரிக்க நாடுகள் சேர்ந்த வட்டம்) இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மைய அலுவலகங்களுக்கு இடையே வேண்டுகோள்களை மின்னணு வழியில் அனுப்புவது பற்றியது அது. தாள் வழியாகவும் தபால் வழியாகவும் போய்க்கொண்டிருந்த ஒன்றைப் பாதுகாப்பான கணினி வழிக்கு மாற்றுவதற்கு ஒரு தனி ஒப்பந்தமா என்று சிரிப்பு வரலாம். மின்னஞ்சலில் வந்த வேண்டுகோள் செல்லுமா செல்லாதா என்று ஒரு நீதிபதிக்குச் சந்தேகம் வந்தால் வழக்கு அங்கேயே நின்றுவிடும். 'செல்லும்' என்று எழுத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். அதற்காகத்தான்.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவன். தனியார் பன்னாட்டுச் சட்டம் பாடத்தில் தலைகால் புரியவில்லை. சுருக்கமாகச் சொல்ல முடியுமா மேடம்?

முடியும் தம்பி. மூன்று கேள்விகள்தான். எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும்? எந்த நாட்டுச் சட்டப்படி தீர்ப்புச் சொல்லும்? அந்தத் தீர்ப்பை மற்ற நாடு மதிக்குமா?

சிலியில் இருக்கும் விற்பனையாளர், பெருவில் இருக்கும் வியாபாரி, பனாமாவில் கையெழுத்தான ஒப்பந்தம் என்று ஒரு வழக்கை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் பாடநூலின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் படியுங்கள். இந்த மூன்றில் எதற்கு அது பதில் சொல்கிறது என்று பக்க ஓரத்தில் குறித்து வையுங்கள். தேர்வுக்கு அது போதும். வக்கீலான பிறகு மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குங்கள். கட்சிக்காரர் கையில் தீர்ப்பு இருக்கும், பணம் இருக்காது.

கேள்வி: இந்தத் துறையில் ஐரோப்பாவுக்கு முன்பே தென் அமெரிக்கா இறங்கியது என்று எழுதியிருந்தீர்கள். நம்பும்படி இல்லையே?

தேதிகளைப் பாருங்கள். டச்சுச் சட்ட அறிஞர் டோபியாஸ் ஆசர் முயற்சியில் ஹேக் நகரில் முதல் மாநாடு கூடியது 1893-ல். அதற்காகவும் பிற சமரச முயற்சிகளுக்காகவும் 1911-ல் அவருக்கு அமைதி நோபல் கிடைத்தது. அர்ஜென்டினாவும் உருகுவேயும் அண்டை நாடுகளை மான்டிவிடியோவுக்கு அழைத்து, சிவில் சட்டம், வணிகச் சட்டம், நடைமுறைச் சட்டம் என்று வரிசையாக ஒப்பந்தங்களை முடித்தது 1889-ல். அதற்கும் முன்னால் 1878-ல் லிமாவில் ஒரு முயற்சி நடந்தது. அது தோற்றுப்போனது. ஏன் தோற்றது என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

ஒருவருடைய திருமணம், வாரிசுரிமை, சட்டப்படி செயல்படும் தகுதி போன்றவற்றுக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்? லிமா ஒப்பந்தம் 'குடியுரிமை பெற்ற நாட்டின் சட்டம்' என்றது. அது அப்போது ஐரோப்பாவில் செல்வாக்கோடு இருந்த கருத்து. ஆனால் அர்ஜென்டினாவும் உருகுவேயும் அந்தக் காலத்தில் கப்பல் கப்பலாக இத்தாலியர்களையும் ஸ்பானியர்களையும் வரவேற்றுக் குடியேற்றிக்கொண்டிருந்த நாடுகள். குடியுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்றால், போனஸ் அயர்ஸில் குடும்பம் நடத்துபவரின் சொத்துத் தகராறை இத்தாலியச் சட்டத்தைப் பிரித்துவைத்துத் தீர்க்க வேண்டும். அதனால் மான்டிவிடியோவில் 'எங்கே நிலையாக வசிக்கிறாரோ அந்த நாட்டின் சட்டம்' என்று மாற்றினார்கள். பிரேசில் அப்போது குடியுரிமைச் சட்டத்தின் பக்கம். அது சேரவில்லை. 1942-ல்தான் பிரேசிலே தன் சொந்தச் சட்டத்தில் வசிப்பிடத்துக்கு மாறியது.

நடுவில் 1928-ல் ஹவானாவில் ஒரு பிரம்மாண்டமான முயற்சி. கியூபாவின் சட்ட அறிஞர் அந்தோனியோ சான்செஸ் தெ புஸ்தமாந்தே 437 பிரிவுகளில் ஒரு முழுச் சட்டத் தொகுப்பையே எழுதிவிட்டார். 15 நாடுகள் ஏற்றுக்கொண்டன. குடியுரிமையா வசிப்பிடமா என்ற பெரிய சண்டைக்கு 7-ஆம் பிரிவில் அவர் சொன்ன தீர்வு: அவரவர் நாடு அவரவர் விருப்பப்படி. எதற்காகக் கூடினார்களோ அந்தக் கேள்வியையே விட்டுவிட்டுக் கலைந்த மாதிரி இருக்கிறது, இல்லையா? நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒரு முடிச்சை அவிழ்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் மற்ற 436 பிரிவுகளும் கிடைத்திருக்காது. அப்படியும் அர்ஜென்டினா, மெக்சிகோ, அமெரிக்க ஐக்கிய நாடு எல்லாம் வெளியே நின்றன. சேர்ந்தவர்களில் பலர் நிபந்தனை போட்டுச் சேர்ந்தார்கள்.

இதிலிருந்து பாடம் படித்த பிறகுதான் 1975 முதல் துண்டு துண்டாகப் போக ஆரம்பித்தார்கள். தனியார் பன்னாட்டுச் சட்டத்துக்கென்றே பனாமா, மான்டிவிடியோ, லா பாஸ், மறுபடி மான்டிவிடியோ, மெக்சிகோ நகரம் என்று 1994 வரை சிறப்பு மாநாடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சில ஒப்பந்தங்கள்: காசோலை, நடுவர் மன்றம் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர்களை வைத்துத் தகராறைத் தீர்ப்பது), சாட்சியம் பெறுதல், வெளிநாட்டுத் தீர்ப்பு, குழந்தைகளைத் திரும்ப அனுப்புதல், ஜீவனாம்சம். சில நன்றாக ஓடுகின்றன. சில அலமாரியில் இருக்கின்றன. 1994-ல் மெக்சிகோ நகரில் எழுதிய பன்னாட்டு வணிக ஒப்பந்தங்களுக்கான உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். சட்ட வல்லுநர்கள் மெச்சும் வேலை. ஏற்றுக்கொண்ட நாடுகள் இரண்டு: மெக்சிகோ, வெனிசுவேலா. அவ்வளவுதான்.

ஆனால் அது வீணாகவும் இல்லை. 2015-ல் பராகுவே பன்னாட்டு ஒப்பந்தங்களுக்குத் தனிச் சட்டம் இயற்றியபோது, அந்த உடன்படிக்கையிலிருந்தும் ஹேக் மாநாட்டின் கோட்பாடுகளிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொண்டது. உடன்படிக்கையில் சேராமலே அதன் சரக்கு உள்ளே வந்துவிட்டது. 2002-ல் வாஷிங்டனில் கூடிய ஆறாவது மாநாடு இந்த வழியையே பிடித்தது. அடமானம் வைத்த அசையும் பொருள்களுக்கு ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதி, 'வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வைத்தது. இயந்திரத்தையோ சரக்கு இருப்பையோ ஈடு காட்டிக் கடன் வாங்குவதற்கு ஒழுங்கான பதிவேடு வேண்டும் என்பது அதன் சாரம். கொலம்பியா 2013-ல் இயற்றிய சட்டத்தில் அதன் சாயல் தெரியும். அரசுகள் கையெழுத்திடத் தயங்கும், நல்ல வாசகத்தை நகல் எடுக்கத் தயங்காது.

கேள்வி: என் மருமகன் மூன்று வயதுப் பேத்தியை அவர் நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் திருப்பி அனுப்ப மறுக்கிறார். இங்கே கஸ்டடி வழக்குப் போட்டால் குழந்தை வந்துவிடுமா அம்மா?

அம்மா, உங்கள் கடிதத்தை ஆசிரியர் குழு எனக்கு உடனே அனுப்பிவைத்தது. தனியாகவும் எழுதியிருக்கிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

கஸ்டடி வழக்கு வேறு, குழந்தையைத் திரும்பக் கொண்டுவரும் மனு வேறு. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை முடிவு செய்ய நேரம் பிடிக்கும். ஆனால் அதை எந்த நாட்டு நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டும் என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தம் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான். குழந்தை வழக்கமாக வசித்த நாட்டிலிருந்து மற்றவரின் உரிமையை மீறி எடுத்துச் செல்லப்பட்டிருந்தால், அல்லது போன இடத்தில் பிடித்துவைக்கப்பட்டிருந்தால், திருப்பி அனுப்பு. யார் நல்ல பெற்றோர் என்பதை அந்த நாட்டு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அதன் போக்கு. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. அமெரிக்கக் கண்டத்து நாடுகள் இதே கருத்தில் 1989-ல் தங்களுக்கென்று ஒன்று போட்டன. இரண்டுமே 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, குழந்தை வாழ்ந்துவந்த நாடும் இப்போது இருக்கும் நாடும் இந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்பது. ஒரு நாடு பின்னால் சேர்ந்திருந்தால், அதை மற்ற நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டும். இருந்தால், உங்கள் மகள் தன் நாட்டு மைய அலுவலகத்தில் இன்றே மனுக் கொடுக்க வேண்டும். 'இன்றே' என்பதை அழுத்திச் சொல்கிறேன். குழந்தை போய் ஒரு வருடத்துக்குள் மனு நீதிமன்றத்தை எட்டினால் திருப்பி அனுப்புவதுதான் விதி. ஒரு வருடம் தாண்டினால், 'குழந்தை இங்கே பழகிவிட்டது' என்று அவர் வாதாட வழி திறந்துவிடும். சமரசம் பேசுகிறோம், பெரியவர்களை அனுப்புகிறோம் என்று மாதங்களைக் கழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேசுங்கள், ஆனால் மனுவைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

ஆறு வாரத்துக்குள் முடிவு வராவிட்டால் ஏன் தாமதம் என்று கேட்கும் உரிமை ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நடைமுறையில் பல நாடுகளில் ஆறு வாரம் மாதங்களாகவும் வருடங்களாகவும் நீள்கிறது. மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு. அதனால்தான் இந்த நாடுகளின் நீதிபதிகளுக்குள் ஒரு வலைப்பின்னல் ஏற்படுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஒருவரோ இருவரோ தொடர்பு நீதிபதிகள். இந்த நாட்டு நீதிபதி அந்த நாட்டு நீதிபதியிடம், 'குழந்தை திரும்பி வந்தால் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு?' என்று, இரு தரப்புக்கும் தெரிவித்துவிட்டு, நேராகக் கேட்கலாம். மறுப்புக்கு இடமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பினால் குழந்தைக்குக் கடுமையான ஆபத்து என்று நிரூபித்தால் நீதிமன்றம் மறுக்கலாம். வன்முறைக்குப் பயந்து குழந்தையோடு ஓடிவந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த விதிவிலக்குதான் துணை. அதை வெறும் சாக்கு என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அந்த நாடு ஒப்பந்தத்தில் இல்லை என்றால், அங்கேயே வக்கீல் வைத்து அந்த நாட்டுச் சட்டப்படி போராட வேண்டும். இங்கே வாங்கும் உத்தரவு அங்கே ஒரு சான்றாகப் பயன்படும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிட்டால் என் ஆவணம் எல்லா நாட்டிலும் உண்மை என்று ஏற்கப்படுமா?

ஏற்கப்படாது. அப்போஸ்டில் என்பது ஓர் அரசு ஆவணத்தை வெளிநாட்டில் காட்டுவதற்காக அதோடு சேர்த்துத் தரும் சான்று. கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை, கையெழுத்திட்டவர் அந்தப் பதவியில் இருந்தவர் என்பதற்கு மட்டும்தான் அது சான்று. உள்ளே எழுதியிருப்பதற்கு இல்லை. 1961 ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குள்தான் செல்லும். ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரம், பத்து எண்ணிட்ட வரிகள், எந்த நாடு கொடுத்தாலும் தலைப்பு பிரெஞ்சு மொழியில். இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஐரோப்பாவில் ஒரு நாட்டுத் தீர்ப்பு இன்னொரு நாட்டில் நேராக ஓடும் என்கிறார்களே. நம் பகுதி அரசுகளும் அப்படி ஒன்று போட்டுக்கொண்டால் என்ன?

ஓடுகிறது, உண்மைதான். ஆனால் அங்கே வந்து சேர அவர்களுக்கு எத்தனை காலம் ஆயிற்று என்று பாருங்கள். ஆறு நாடுகள் சேர்ந்து பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்தம் போட்டது 1968-ல். அப்போதும் வெளிநாட்டுத் தீர்ப்பை நிறைவேற்றும் முன் உள்ளூர் நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிப் படியை எடுத்தது 2015 ஜனவரி 10 முதல். நடுவில் ஏறக்குறைய ஒரு தலைமுறைக்கும் மேல்.

அந்த இடைக்காலத்தில் நடந்த ஒரு கூத்தைச் சொன்னால்தான், நீதித்துறைச் சீர்திருத்தத்தையும் இந்த ஒப்பந்தங்களையும் நான் ஏன் பிரிக்க மாட்டேன் என்கிறேன் என்பது விளங்கும். ஒரே தகராறு இரண்டு நாடுகளில் வழக்கானால், முதலில் தாக்கலான நீதிமன்றம் பார்க்கட்டும், இரண்டாவது காத்திருக்கட்டும் என்பது விதி. கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? பணம் தர வேண்டிய பேர்வழிகள் இதில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தன் மேல் வழக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும், வழக்குகள் ஆமை வேகத்தில் நகரும் நாட்டில் முந்திக்கொண்டு, 'நான் ஒன்றும் கடன்பட்டவன் இல்லை என்று அறிவியுங்கள்' என்று ஒரு மனு. அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லையென்றாலும், இல்லை என்று அது சொல்லி முடிக்கச் சில வருடங்கள் ஆகும். அதுவரை சரியான நீதிமன்றம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தாலிய நீதிமன்றங்களின் தாமதத்தைக் கணக்கில் வைத்து ஆடிய ஆட்டம் என்பதால் 'இத்தாலிய டார்ப்பிடோ' என்று வக்கீல்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

ஓர் ஆஸ்திரிய விற்பனையாளரின் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய், 2003-ல் தீர்ப்பு வந்தது. ஆஸ்திரிய நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம் என்று ஒத்துக்கொண்டதாக விற்பனையாளர் சொல்கிறார். வாங்கியவரோ முந்திக்கொண்டு ரோமில் வழக்குப் போட்டுவிட்டார். அங்கே வழக்கு எவ்வளவு காலம் இழுக்கும் என்பது ஊரறிந்தது, அப்படியும் காத்திருக்க வேண்டுமா? ஆமாம், காத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஒரு நாட்டு நீதிமன்றத்தை 'நீ தாமதம்' என்று சொல்லி இன்னொன்று தாண்டிப்போனால், நம்பிக்கையின் மேல் கட்டிய முறை இடிந்துவிடும் என்று காரணம். 2015-ல் நடைமுறைக்கு வந்த புதிய ஒழுங்குமுறையில்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஒப்பந்தத்தில் எந்த நீதிமன்றம் என்று இரு தரப்பும் குறித்திருந்தால், யார் முந்தினாலும் அதுதான் முதலில் பார்க்கும்.

ஆக, வட்டார ஒப்பந்தம் போட்டதும் பக்கத்து நாட்டுக் கோர்ட்டின் தாமதம் உங்கள் வழக்கின் தாமதம் ஆகிவிடுகிறது. அவர்களுடைய லஞ்சம் உங்கள் பிரச்சினை, அவர்களுடைய காலியான நீதிபதிப் பணியிடமும் உங்கள் பிரச்சினை. முதலில் மைய அலுவலகமும் சம்மனை உரியவரிடம் சேர்ப்பதும் ஒழுங்காகட்டும். அப்புறம் சாட்சியம் பெறுவது. அப்புறம் பணத் தீர்ப்புகள். தீர்ப்பு நேராக ஓடுவது கடைசிப் படி. அதிலிருந்து தொடங்க நினைக்கும் அரசுகள் கையெழுத்தோடு நின்றுவிடும்.

சேருவது மெதுவாக நடக்கும், வெளியேறுவது சட்டென்று முடிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன பிரிட்டன், 2020 இறுதியோடு இந்தத் தீர்ப்பு முறையிலிருந்தும் வெளியே வந்துவிட்டது. 2019 ஹேக் தீர்ப்புகள் ஒப்பந்தத்தின் வழியாக, ஒரு பகுதி மட்டும், 2025 ஜூலையில்தான் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

கேள்வி: வெளிநாட்டு நீதிபதி சொன்னதை நம் நீதிமன்றம் நிறைவேற்றுவது அடிமைத்தனம் இல்லையா?

இல்லை. எந்த ஒப்பந்தத்தை எடுத்தாலும் ஒரு கதவு இருக்கும்: 'எங்கள் அடிப்படைக் கொள்கைக்கு வெளிப்படையாக முரணானால் நிறைவேற்ற மாட்டோம்.' எதிராளிக்கு ஒழுங்காக சம்மன் போகவில்லை என்றாலும் மறுக்கலாம். மோசடியாக வாங்கிய தீர்ப்பையும் பெரும்பாலான நாடுகள் தள்ளிவிடும். அதனால் இறையாண்மை எங்கும் போய்விடாது.

இன்னொன்றும் பாருங்கள். 1979-ல் மான்டிவிடியோவில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் பொது விதிகளுக்கென்றே ஓர் ஒப்பந்தம் எழுதின. வெளிநாட்டுச் சட்டத்தைப் பயன்படுத்த நேர்ந்தால், அந்த நாட்டு நீதிபதி எப்படிப் பயன்படுத்துவாரோ அப்படியே பயன்படுத்து என்கிறது அது. பக்கத்து நாட்டுச் சட்டத்தை நம் வசதிக்கு வளைக்காமல் இருப்பதும் ஒரு மரியாதைதான். நம் சட்டத்துக்கும் அதே மரியாதையை அங்கே எதிர்பார்க்கிறோமே! வெளிநாட்டுத் தீர்ப்பைக் கண்டாலே வீராப்புப் பேசும் ஆட்கள், தங்கள் மகளின் ஜீவனாம்ச உத்தரவு வெளிநாட்டில் ஓடவில்லை என்றால் மட்டும் எங்கள் அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள்.

கேள்வி: சீர்திருத்தம் சீர்திருத்தம் என்கிறீர்களே, எந்த நாடாவது உருப்படியாகச் செய்து காட்டியிருக்கிறதா?

சிலி. குற்ற வழக்குகளில் அங்கே ஒரே நீதிபதி புலன் விசாரணை செய்து, அவரே குற்றம் சாட்டி, அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் தாளில். அதை மாற்றித் தனி அரசு வழக்குத் தொடுப்புத் துறை, குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசுச் செலவில் வக்கீல், திறந்த மன்றத்தில் வாய்மொழி விசாரணை என்று கொண்டுவந்தார்கள். எனக்குப் பிடித்தது, அதை ஒரே நாளில் நாடு முழுக்கப் புகுத்தவில்லை. 2000 டிசம்பரில் கொக்கிம்போ, அரவுக்கானியா என்ற இரண்டு பகுதிகளில் மட்டும் தொடங்கி, சிக்கல்களைப் பார்த்துத் திருத்தி, வழக்குகள் மிகுந்த தலைநகர் சாந்தியாகோவுக்கு 2005 ஜூனில்தான் வந்தார்கள்.

இதே மாற்றத்தை லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகள் ஏறத்தாழ அதே காலத்தில் செய்தன. அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க, முன்னே சொன்ன நீதித்துறை அமைச்சர்கள் மாநாட்டின் வழியாகவே 1999-ல் ஒரு நீதித்துறை ஆய்வு மையம் உருவானது. அதுவும் சாந்தியாகோவில்தான் இருக்கிறது. அது திரும்பத் திரும்ப அழுத்திச் சொன்னது சட்ட வாசகத்தைப் பற்றி அல்ல, நிர்வாகத்தைப் பற்றி. விசாரணைத் தேதியை யார் குறிக்கிறார்கள், சாட்சிக்கு யார் தகவல் சொல்கிறார்கள், மன்ற அறை காலியாக இருக்கிறதா என்பதைப் பார்க்க நீதிபதி அல்லாத ஒரு நிர்வாகி வேண்டும். இல்லாவிட்டால் வாய்மொழி விசாரணையும் வாய்தா விசாரணை ஆகிவிடும்.

கேள்வி: மற்ற வட்டாரங்கள்? ஆசியா, ஆப்பிரிக்கா?

ஆப்பிரிக்காவில் ஒரு துணிச்சலான ஏற்பாடு உண்டு. 1993-ல் போர்ட் லூயிஸில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் நாடுகள், இன்று 17, வணிகச் சட்டத்தையே ஒன்றாக்கிவிட்டன. எந்த நாட்டுச் சட்டம் என்ற கேள்வியே அந்த விஷயங்களில் எழாது. இறுதி மேல்முறையீடும் அபிஜானில் உள்ள பொது நீதிமன்றத்துக்குப் போகிறது. தென்கிழக்கு ஆசிய நாடுகள் குற்ற வழக்குகளில் பரஸ்பர உதவிக்கு 2004-லும், தெற்காசிய நாடுகள் கொழும்பில் 2008-லும் ஒப்பந்தம் போட்டன. சிவில் தீர்ப்புகளை ஒருவருக்கொருவர் நிறைவேற்றித் தர தெற்காசியாவில் வட்டார ஒப்பந்தம் இல்லை. திருடனைப் பிடிக்க அரசுகளுக்கு இருக்கும் அவசரம், ஜீவனாம்சம் வசூலிக்க இருப்பதில்லை.

கேள்வி: அந்த ஜீவனாம்சம் பற்றியே கேட்கிறேன். முன்னாள் கணவர் வேறு நாட்டில் நல்ல வேலையில் இருக்கிறார். இரண்டு நாட்டுச் சட்டத்தில் எது எனக்குப் பொருந்தும்?

நாடுகளைப் பொறுத்தது. 1989-ல் மான்டிவிடியோவில் போட்ட ஜீவனாம்ச ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வாங்குபவர் வசிக்கும் நாடு, கொடுப்பவர் வசிக்கும் நாடு, இந்த இரண்டின் சட்டங்களில் வாங்குபவருக்கு எது அதிகச் சாதகமோ அதையே பயன்படுத்த வேண்டும் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். இந்தத் துறையில் நான் படித்த வரிகளில் மனதுக்குப் பிடித்த வரி அது. மற்ற நாடுகள் 2007 ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தால் அது இருக்கிறது. அதிலும் மைய அலுவலகம் வழியாக மனுப் போடலாம். அவருடைய இப்போதைய முகவரி, வேலை செய்யும் இடம், பிறந்த தேதி, உங்களிடம் உள்ள உத்தரவின் சான்றிட்ட நகல், இதுவரை வந்த பணத்தின் கணக்கு இவை இல்லாமல் மனு நகராது. முகவரி தெரியாவிட்டாலும் மனுப் போடுங்கள், தேடித்தரச் சொல்லிக் கேட்க வழி உண்டு.

கேள்வி: சிறிய ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போடும் ஒப்பந்தத்தில் எந்த நாட்டு நீதிமன்றம் என்று எழுதுவது நல்லது?

அவருடைய சொத்து எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த நாட்டில் உங்கள் நாட்டுத் தீர்ப்பு ஓடாது என்றால், உங்கள் நீதிமன்றத்தை எழுதிவைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? அப்படிப்பட்ட இடங்களில் நடுவர் மன்றம் மேல். அதன் தீர்ப்பை 1958 நியூயார்க் ஒப்பந்தத்தின்படி 170-க்கும் மேற்பட்ட நாடுகள் நிறைவேற்றித் தர வேண்டும். நீதிமன்றத் தீர்ப்புக்கு அவ்வளவு பரந்த ஒப்பந்தம் இன்னும் இல்லை. ஆனால் நடுவர் கட்டணம் அதிகம். சிறு தொகைக்குக் கட்டுப்படியாகாது. தொகை சிறியதென்றால் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிவிடுங்கள், எந்தச் சட்டமும் தேவைப்படாது.

பெரிய தொகைக்கு எழுதும்போது எந்த நாட்டுச் சட்டம், நடுவர் மன்றம் எந்த நகரில், எந்த மொழியில், எத்தனை நடுவர் என்ற நான்கையும் எழுதுங்கள். இன்னொரு ஒப்பந்தத்திலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள். ஒரே ஒப்பந்தத்தில் ஒரு பத்தி நீதிமன்றம் என்றும் அடுத்த பத்தி நடுவர் மன்றம் என்றும் சொல்லும் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். எது செல்லும் என்று முடிவு செய்யவே தனி வழக்கு நடக்கும். கடைசியாக, அறிவிப்புகளும் சம்மன்களும் எந்த முகவரிக்கு, எந்த மின்னஞ்சலுக்கு வந்தால் செல்லும் என்று ஒரு பத்தி. பெரும்பாலோர் விட்டுவிடும் பத்தி அது. கையெழுத்தாகும் முன் வரைவை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.